சூடேறும் இருக்கையும் சிறிய சுவிட்சும்

பாயான் லெப்பாசில் இருந்துகொண்டு, லோரியின் இருக்கையை மின்சாரத்தால் சூடாக்குவது பற்றி எழுதப் போகிறேன் என்றால் படிப்பவர் சிரிக்கக் கூடும். விமான நிலையச் சாலையோரம் நண்பகலில் நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி அமர்ந்தவர்களுக்கு, மின்சாரத்தின் துணையின்றியே இருக்கை எவ்வளவு சூடேறும் என்பது நன்கு தெரியும். ஆயினும் அத்தகைய இருக்கை ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. அதற்குப் புதிய சுவிட்சு பொருத்தும் பணி என் கைக்கு வந்தது. அறிவியல் பாடத்தில் மின்சுற்று வரைந்து பழகும் மாணவச் செல்வங்களுக்கும், லோரி ஓட்டும் பெற்றோருக்கும், இனிப்பு நீர் உள்ள பெரியவர்களுக்கும் அது பயன்படலாம் என்று கருதியே ஆண்டு மலருக்காக இதை எழுதுகிறேன்.

பட்டறையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பதுண்டு. நான் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பாயான் லெப்பாசில் நெல் விளைந்த நிலத்தில் 1972-ஆம் ஆண்டு நாட்டின் முதலாவது தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கப்பட்டது. இண்டெல், ஹிட்டாச்சி, போஷ் முதலான எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் அழைக்கின்றனர். அதற்குப் பிறகு தோட்டத்துப் பெண்கள் பலர் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆலைப் பேருந்தில் ஏறினார்கள். விடியுமுன் தோட்டத்து வாயிலில் வந்து நின்ற அந்தப் பேருந்தில் பின்னாளில் நானும் ஏறினேன். ஓர் ஆலையில் பல ஆண்டுகள் ஈயப்பற்று வைக்கும் பணியில் இருந்தேன். மிளகளவு உதிரிகளைத் தட்டில் பற்ற வைத்துப் பழகிய கை அது. இப்போது என் கணவரின் பட்டறையில் லோரிகளின் மின்கம்பி வேலைகளைப் பார்க்கிறேன். ஆலையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே செய்ததை இங்கே லோரியின் கீழே படுத்துச் செய்கிறேன், அவ்வளவே வேறுபாடு.

சூடேறும் இருக்கை குளிர்நாட்டார் கண்ட பொருள். அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் 1966-ஆம் ஆண்டு மாதிரியில், கேட்டு வாங்குவோருக்கு அது பொருத்தித் தரப்பட்டது. சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1972-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஓட்டுநர் இருக்கையை அவ்வாறே அமைத்து விற்றது. பனி உறையும் நாட்டில் அது ஆடம்பரமன்று, தேவை. அங்குக் காலையில் இருக்கை பனிக்கட்டி போல் இருக்கும்.

அந்த இருக்கையின் உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெல்லிய துணிப்பாய் ஒன்றில் நுண்ணிய கம்பி பாம்பு போல் வளைந்து வளைந்து தைக்கப்பட்டிருக்கும். அமரும் பகுதியில் ஒரு பாய், முதுகு சாயும் பகுதியில் ஒரு பாய். கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது தடை காரணமாகச் சூடு பிறக்கும். அந்தச் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்பதை ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேயர் 1841-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அஃதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். மாணவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும், பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். அண்ணன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லோரி ஓட்டுகிறார். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பினாங்குக்கு இறங்குவது அவர் தொழில். பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு நள்ளிரவில் 15 பாகை செல்சியசு வரை குளிர் இறங்குவதுண்டு. பத்தாயிரம் முறை சுமை கட்டி அவிழ்த்த முதுகு அந்தக் குளிரில் மரக்கட்டை போல் இறுகிவிடும். கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் நோக்கி வளைந்து வளைந்து இறங்கும்போது வலி உயிரை வாங்கும் என்பார். அண்ணி வெந்நீர்ப் பையைக் கட்டிக் கொடுப்பார். அது ஈப்போ வருவதற்குள் ஆறிப்போகும்.

இந்நிலையில், பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில், ஜப்பானிலிருந்து வந்த லோரித் தலைப்பகுதி ஒன்றின் இரண்டு இருக்கைகளைக் கண்டார். ஓட்டுநருக்கு ஒன்று, கெலிந்தானுக்கு ஒன்று. இரண்டிலும் வெப்பப் பாய்கள் இருந்தன. ஆனால் அவற்றை இயக்கும் சுவிட்சும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. அவை பழைய லோரியின் முகப்புப் பலகையோடு போய்விட்டன. இருக்கையின் அடியில் அறுந்த கம்பிகள் மட்டுமே தொங்கின. அண்ணன் கார்ச் சாமான் கடையில் தனியே ஒரு சுவிட்சை வாங்கி, வழியில் இருந்த வேறொரு பட்டறையில் மாட்டிக்கொண்டார். எங்களிடம் வந்திருக்கலாம். அவசரக்காரருக்கு எந்தப் பட்டறையும் ஒன்றுதான்.

மூன்று மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் லோரி மலையிலேயே நின்றுவிட்டது. பேட்டரியில் உயிர் இல்லை. வேறொரு லோரியிலிருந்து மின்சாரம் வாங்கி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு இறங்கினார். சரக்கு சந்தைக்கு நேரம் தவறி வந்து சேர்ந்ததால் பாதி விலைக்குத்தான் போயிற்று. அன்று மாலை லோரி எங்கள் பட்டறை வாயிலில் நின்றது.

இருக்கையைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பேட்டரியிலிருந்து நேரே ஒரு கம்பி வந்திருந்தது. இடையில் பியூசு இல்லை. சாவியை எடுத்தாலும் மின்சாரம் நிற்காது. அதனால்தான், சுவிட்சை அணைக்க மறந்த ஓர் இரவில் பேட்டரி முழுவதும் வடிந்துவிட்டது. சுவிட்சினுள் இருந்த சிறுவிளக்கு 12 வோல்ட்டுக்கு உரியது. லோரியோ 24 வோல்ட். விளக்கு முதல் நாளே கருகிவிட்டது. எனவே இருக்கை எரிகிறதா அணைந்ததா என்று கண்ணால் அறிய வழியில்லை. கம்பியை முறுக்கி ஒட்டுநாடா சுற்றி, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் மேலேயே விட்டிருந்தார்கள். மேல்தோல் உராய்ந்து செம்பு பளபளத்தது. அந்தச் செம்பு இரும்பைத் தொட்டிருந்தால், தடுக்கப் பியூசு இல்லாத நிலையில், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டியிருக்கும். கம்பி பழுக்கக் காய்ந்து இருக்கை பற்றிக்கொள்ள நெடுநேரம் ஆகாது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. அமரும் பகுதிப் பாயினுள் பொத்தான் அளவில் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அதனுள் இருக்கிறது. குறித்த சூடு வந்ததும் தகடு வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். சூடு குறைந்ததும் மீண்டும் சேர்க்கும். “சீக்கிரமே அணைந்துவிடுகிறது, சூடு போதவில்லை” என்று அண்ணன் குறைபட்டுக்கொண்டபோது, அந்தப் பட்டறையார் தெர்மோஸ்டாட்டை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பியை நேரே இணைத்துக் கொடுத்திருந்தனர். கேட்டதைச் செய்து கொடுப்பது நல்ல வணிகமாக இருக்கலாம். எல்லா வேளையிலும் அது நல்ல வேலையாகாது.

அப்போதுதான் அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தங்கச்சி, இவரு தொடைக்குப் பின்னால வலை மாதிரி செவப்புக் கோடு விழுந்திருக்கு. கேட்டா வலிக்கலேன்னு சொல்றாரு.” அண்ணனுக்கு எட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் உண்டு.

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். “முதலில் கிளினிக்குக்குப் போங்கள் அண்ணே. அதற்குப் பிறகுதான் நான் கம்பியைத் தொடுவேன்” என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. சுவிட்சு மாட்டச் சொன்னால் மருத்துவம் பார்க்கிறாளே என்று என் கணவரிடம் முறையிட்டார். அவரோ எனக்குப் பரிந்து பேசினார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சென்றார்.

அரசாங்க மருந்தகத்தில் இருந்த மருத்துவர் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டாராம். நெருப்புக்கு அருகில் நாள்தோறும் நெடுநேரம் அமர்ந்திருப்பவர்களுக்கு வரும் தழும்பு அது. தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலும், மீண்டும் மீண்டும் படும் மிதமான சூடே தோலில் வலை போன்ற கோடுகளை உண்டாக்கும். வலி இராது. தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால் மெல்ல மங்கும், நிறுத்தாவிட்டால் நிலைத்துவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நாளடைவில் நரம்புகள் நலிந்து, சூட்டை உணரும் ஆற்றல் குறையலாம். உணர்வு குறைந்த இடத்தில் தீப்புண் பட்டாலும் தெரியாது. அந்தப் புண் எளிதில் ஆறவும் ஆறாது. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதங்களைத் தொட்டுத் தொட்டுச் சோதித்தார். அண்ணனுக்கு இப்போதைக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் அமரும் பகுதியில் இனிச் சூடே வேண்டாம் என்றும், முதுகுக்கு மட்டும் இளஞ்சூடு, அதுவும் சிறிது நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினார். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஆகவே இந்த அறிவுரை என் அண்ணன் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

எவ்வளவு சூடு வரை பொறுக்கலாம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 44 பாகை செல்சியசு சூடு ஏறத்தாழ ஆறு மணி நேரம் இடைவிடாமல் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கையால் தொட்டுப் பார்த்தால் 44 பாகை நமக்குச் சுகமான சூடாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். சுமையோடு இறங்கும் லோரி கேமரன் மலையிலிருந்து பாலம் கடந்து தீவுக்கு வர நான்கைந்து மணி நேரம் ஆகிறது. ஆகவே சூடு 40 பாகையைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

இனி மின்சுற்றுக்கு வருவோம். ஒவ்வொரு பாயின் தடையையும் அளந்தேன். 16 ஓம் இருந்தது. பழைய பட்டறையார் ஓட்டுநர் இருக்கையின் இரண்டு பாய்களையும் பக்க இணைப்பில் வைத்திருந்தார்கள். பக்க இணைப்பில் ஒவ்வொரு பாய்க்கும் முழு 24 வோல்ட்டும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 1.5 ஆம்பியர் ஓடும். ஒவ்வொன்றும் 36 வாட் சூடு தரும். தெர்மோஸ்டாட் இல்லாத நிலையில் தொடை வேகாமல் என்ன செய்யும்?

அதே இரண்டு பாய்களையும் தொடர் இணைப்பில் வைத்திருந்தால் தடை 32 ஓம் ஆகும். மின்னோட்டம் 0.75 ஆம்பியராகக் குறையும். அஃதாவது ஒவ்வொரு பாயிலும் மின்னோட்டம் பாதி. ஜூல் சொன்னபடி சூடு கால் பங்கு, வெறும் 9 வாட். தோட்டத்து லயத்தில் நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்றோடு இன்னொரு குழாயைச் சேர்த்து மாட்டினால் தண்ணீர் மெலிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றதே இதுவும். இருக்கைகளில் ‘அதிகம்’, ‘குறைவு’ என்று இரண்டு நிலைகள் வைத்தபோது, பக்க இணைப்பையும் தொடர் இணைப்பையும் மாற்றி மாற்றியே அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் உண்டு.

ஆனால் எனக்கு ஒரு சிக்கல் எழுந்தது. அமரும் பகுதிப் பாயைச் சுற்றிலிருந்து நீக்கிவிட்டால், முதுகுப் பாய் தனியாகிவிடுகிறது. தனியாக 24 வோல்ட்டில் அது 36 வாட்டுக்கு ஏறும். அதனோடு தொடரில் நிற்க இன்னொரு துணை வேண்டும். தடைக்கட்டி ஒன்றை வாங்கிப் போடலாம். அதுவும் 9 வாட் சூட்டை வீணே கக்கிக்கொண்டு இருக்கைக்கு அடியில் கிடக்கும். அந்த இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. விடியும் வேளையில்தான் கெலிந்தானின் இருக்கை நினைவுக்கு வந்தது. அதன் முதுகிலும் ஒரு பாய் இருக்கிறது. அதன் தடையும் 16 ஓம்தான். ஓட்டுநர் முதுகையும் கெலிந்தான் முதுகையும் தொடர் இணைப்பில் சேர்த்துவிட்டால் வீண் என்பதே இல்லை. சூடு இருவருக்கும் சரிபாதி.

அப்படியே செய்தேன். இரண்டு இருக்கைகளிலும் அமரும் பகுதிப் பாய்களின் முனைகளைத் தனித்தனியே மூடிக் கட்டினேன். இரண்டு முதுகுப் பாய்களின் அருகிலும் 40 பாகையில் துண்டிக்கும் புதிய தெர்மோஸ்டாட் ஒவ்வொன்று வைத்தேன். அவையும் தொடரிலேயே இருப்பதால் எது முதலில் சூடேறினாலும் முழுச் சுற்றும் அணைந்துவிடும். கெலிந்தான் தன் போர்வையை இருக்கையில் சுருட்டி வைத்து அது சூட்டைத் தேக்கினாலும் கெடுதல் வராது. எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 28 வோல்ட் வரை ஏறும். அப்போது ஒவ்வொரு பாயும் 12 வாட்டுக்குச் சற்று மேலே போகும். அதையும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டுமே உயிர் பெறும் கம்பியிலிருந்து எடுத்தேன். எடுத்த இடத்திலேயே 2 ஆம்பியர்ப் பியூசு வைத்தேன். பியூசை இருக்கைக்கு அருகில் வைப்பவர்கள் உண்டு. அது வீட்டின் கொல்லைப்புறத்தில் பூட்டு மாட்டிவிட்டு வாயிலைத் திறந்து வைப்பது போன்றது. பியூசுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் ஏது? கம்பிகளை நெளிகுழாயினுள் நுழைத்துத் தண்டவாளத்திலிருந்து விலக்கிக் கட்டினேன்.

சுவிட்சுதான் கடைசி. அழுத்திவிட்டால் அப்படியே நிற்கும் வகைச் சுவிட்சை நான் வேண்டாம் என்று ஒதுக்கினேன். அழுத்தினால் மீண்டு வரும் வகையை எடுத்தேன். அது ஒரு நேரக் கருவிக்குச் செய்தி மட்டும் சொல்லும். நேரக் கருவி ரிலேயை இயக்கும். ரிலேயே பாய்களுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். 20 நிமிடம் ஆனதும் நேரக் கருவி தானே அணைத்துவிடும். மறுபடியும் வேண்டுமானால் மறுபடியும் அழுத்த வேண்டும். ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30-இல் மின்சாரம் வரும், 87-இல் வெளியேறும், 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு உரியவை. இந்த எண்கள் டி.ஐ.என். 72552 என்னும் ஜெர்மானியத் தர அளவிலிருந்து வந்தவை. உலகின் எந்த மூலையில் லோரி பழுதானாலும் இந்த எண்களே மொழிபெயர்ப்பாளர். ரிலேயையும் விளக்கையும் 24 வோல்ட்டுக்கு உரியனவாகவே வாங்கினேன். பாய்கள் எரியும்வரை சுவிட்சில் பச்சை விளக்கு எரியும்.

அண்ணனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. “இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை அமுக்கணுமா? சூடும் வெயில்ல காய வச்ச சட்டை மாதிரிதானே இருக்கு?” என்றார். வெயிலில் காய வைத்த சட்டை அளவுக்குத்தான் மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றேன். அண்ணி பின்னாலிருந்து, “அமுக்க முடியலேன்னா வெந்நீர்ப் பை இருக்கு” என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

முதல் பயணத்தில் ஒரு சிறு வெப்பமானியைக் கெலிந்தான் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். பிரிஞ்சாங்கிலிருந்து புறப்பட்டு இருபது நிமிடம் கழித்து, சட்டைக்கும் இருக்கைக்கும் இடையில் வைத்துப் பார்த்ததில் 38 பாகை காட்டியதாம். தொடையில் இருந்த கோடுகள் ஏழெட்டு மாதத்தில் பெரும்பாலும் மங்கிவிட்டன என்று அண்ணி சொன்னார். அண்ணன் ஆண்டுதோறும் பாதச் சோதனைக்குச் சென்றுவர இசைந்திருக்கிறார். சென்ற முறை அவரே மருத்துவரிடம் தம் இருக்கையின் மின்சுற்றைத் தாளில் வரைந்து காட்டினாராம். அதில் பியூசை மட்டும் இடம் மாற்றி வரைந்துவிட்டார் என்பதைப் பிறகு நான் திருத்திக் கொடுத்தேன்.

கெலிந்தான் தம்பிக்குத்தான் இன்னும் ஒரு மனக்குறை. தமக்குச் சூடு வேண்டாதபோது தம் பக்கத்தை மட்டும் அணைக்கத் தனிச் சுவிட்சு ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சுவிட்சை மாட்டினால் அண்ணன் பக்கமும் சேர்ந்து அணைந்துவிடும் என்று இரண்டு முறை விளக்கிவிட்டேன். மூன்றாவது முறை, நம் பள்ளி மாணவர் எவரேனும் அவருக்குப் படம் வரைந்து காட்டினால் நல்லது.